நாளைய பனி, நாளை மறுநாள்

திங்கட்கிழமை விடியற்காலையில் தில்லியில் எவ்வளவு பனிமூட்டம் இருக்கும் என்பதை, மதுமதி வேலை பார்த்த வானிலைக் கணிப்பு மையம் திங்கட்கிழமை சாயங்காலம் கண்டுபிடித்தது. முடிவு அச்சாகி வந்தபோது யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. காலையில் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பனிக்குள் நடந்துதானே ஆபீசுக்கு வந்தார்கள். அர்விந்த் மட்டும் அந்தத் தாளை எடுத்தான். எடுத்து, அதன்மேல் சமோசாவை வைத்துச் சாப்பிட்டான்.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் புதுசு. பழைய கம்ப்யூட்டரில் காலையில் கணக்கை ஏற்றினால், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கு மறுநாள் நிலவரம் கையில் இருக்கும். அதில் இருந்தவை இரண்டே நோடுகள். நோடு என்பது தனியாகக் கணக்குப் போடும் ஒரு பிரிவு. அதற்குப் பக்கத்திலேயே அதற்கென்று கொஞ்சம் நினைவகமும் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் எட்டு நோடுகள். அது வந்து இறங்கிய அன்று செண்டுமல்லி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். "நாலு மடங்கு வேகமுங்க" என்று அமைச்சகத்தில் வாக்குக் கொடுத்து அதை வாங்கியவர் மையத்தின் இயக்குநர் ஜோதிலிங்கம். வந்த கம்ப்யூட்டர் பழையதைவிட மூன்று மடங்கு மெதுவாக ஓடியது.

ஜோதிலிங்கம் ஈரோட்டுக்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் ஹிந்தியைக்கூடக் கொங்கு நாட்டு இழுவையோடுதான் பேசுவார். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காயைப் பார்த்துவிட்டால், ஆபீசில் இருக்கிற தமிழர்கள் அத்தனை பேருக்கும் கட்டுக்கட்டாக வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் இப்போது அமைச்சகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசினார்.

"ஜோதிலிங்கம்ஜி, காலையில் மூட்டம் இருந்தது என்று சாயங்காலம் சொல்கிறீர்களே. அதற்கு எங்களிடம் ஜன்னல் இருக்கிறது" என்று அங்கே ஒருவர் ஹிந்தியில் சொன்னார். சொன்னவர் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புத்தான் ஜோதிலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

மதுமதியைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, ரண்டு பேரு செஞ்ச வேலையை எட்டு பேரு செஞ்சா நாலுல ஒரு பங்கு நேரம் ஆகோணுமா, மூணு பங்கு நேரம் ஆகோணுமா?"

"பாக்குதேன் சார்" என்றாள் மதுமதி.

அவளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அம்பாசமுத்திரம். தில்லியில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் கணவன் பிரதீப்போடு இருந்தாள். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். இதனால் அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் நிறையச் செய்து முடித்துவிடுவார்கள்.

முதலில் கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போய்க் கையை உயர்த்திக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏ.சி. போதாது என்றார். ஏ.சி.யைக் கூட்டினார்கள். வெளியே குளிர்காலம், உள்ளே அதைவிடப் பெரிய குளிர்காலம். மதுமதி ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கையுறையோடு தட்டச்சு செய்தாள். கம்ப்யூட்டர் அதே வேகத்தில்தான் ஓடியது. அடுத்து மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார்கள். அடுத்து அறை வாசல் தெற்கே பார்த்திருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கதவில் கட்டினார். ஜோதிலிங்கம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்.

அப்போதுதான் அர்விந்த் களத்தில் இறங்கினான்.

அர்விந்த் தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அப்பா அம்மாவுக்கு ஊர் மதுரை. அவன் தமிழில் யோசிக்கத் தொடங்கினால் பாதியில் ஹிந்தி வந்து மீதியை முடித்து வைக்கும். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். எட்டு நோடுகளும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் காட்டும் எட்டுக் கம்பங்கள் அவன் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சில உயரம், சில குட்டை.

"மேம், ப்ராப்ளம் கிடைச்சிடுச்சு" என்று மதுமதியிடம் ஓடிவந்தான். "வேலை ஈக்வலா இல்ல. ஒருத்தன்கிட்ட ஜாஸ்தி, ஒருத்தன்கிட்ட கம்மி. நான் என்ன பண்றேன், எங்க ஜாஸ்தியோ அங்கேர்ந்து எடுத்து, எங்க கம்மியோ அங்க போடறேன். ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை. பஸ், அவ்வளவுதான்!"

"அப்படி எடுத்துப் போட்டா, அந்த வேலைக்கு வேண்டிய எண்ணெல்லாம் எங்க இருக்கும் அர்விந்த்?"

"அது இருக்கற எடத்துல இருக்கட்டும். வேலை மட்டும் போவுது."

"அதான் கேக்குதேன்" என்று மதுமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் இயக்குநர் அறைக்குள் போய்விட்டான்.

இரண்டே நாளில் எழுதி ஓட்டியும் விட்டான். திரையில் எட்டுக் கம்பங்களும் ஒரே உயரத்தில் பச்சைப் பசேலென்று நின்றன. ஜோதிலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட அட அட! ஒருத்தனும் சும்மா நிக்கலை பாரு அம்மிணி! எட்டு பேரும் கண்ணும் கருத்துமா வேலை செய்யறானுங்க!"

அர்விந்த் அந்தத் திரையைப் படம் பிடித்து, அன்றைக்கே நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். ஜோதிலிங்கம் அதைப் பெரிதாக அச்செடுத்து அமைச்சகத்துக்கு அனுப்பினார். வியாழக்கிழமைக்கான பனிமூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது.

முன்பு சாயங்காலமாவது வந்தது. இப்போது ஒரு நாள் முழுசாகத் தாண்டிவிட்டது. நாளைய பனி நாளை மறுநாள்.

"கிராஃப் நல்லாதானே இருக்கு?" என்று அர்விந்த் திரும்பத் திரும்பக் கேட்டான். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

கிராஃப் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நோடு கணக்குப் போட்டாலும் சரி, எண் வரட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாலும் சரி, அந்தக் கம்பம் அதை வேலை என்றே காட்டும். இது மதுமதிக்குத் தெரியும். அவள் கம்பங்களை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தாள்: எந்த நோடின் நினைவகத்தில் எவ்வளவு இருக்கிறது? பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நோடின் நினைவகம் கழுத்துவரை நிரம்பி வழிந்தது. மற்ற ஏழும் கிட்டத்தட்ட காலி.

அதாவது, தில்லியின் காற்று, ஈரம், புகை, குளிர் என்று கோடிக்கணக்கான எண்கள் அத்தனையும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. எட்டு நோடுகளும் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த ஒரே வாசலில் போய் வரிசையில் நின்றன. இதில் அர்விந்த் வேறு இரண்டு செகண்டுக்கு ஒரு தடவை வேலைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்கே கொஞ்சம் புத்தி உண்டு. ஒரு வேலை ஒரு நோடில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், அதற்கு வேண்டிய எண்களை மெல்ல அங்கே நகர்த்தித் தரும். இங்கே எண்கள் வந்து சேருவதற்குள் வேலை அடுத்த நோடுக்கு மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் எல்லாம் முதல் நோடில் குவிந்தது எப்படி? அதற்கு மதுமதி புரோகிராமின் ஆரம்பத்துக்குப் போனாள். அங்கே ஒரு இருபது வரி. கணக்குத் தொடங்குவதற்கு முன்னால் நினைவகம் முழுவதையும் பூஜ்யம் போட்டுத் துடைத்து வைக்கும் வரிகள். அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பு: 'இந்த வரிகளை யாரும் தொடக் கூடாது. ஜோதிலிங்கம்.'

மதுமதி பெருமூச்சு விட்டாள்.

அந்த இருபது வரியின் கதை மையத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டை கிடைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கதை கிடைத்துவிடும். ஜோதிலிங்கம் வாலிபராக இருந்த காலத்தில், முந்தைய நாளின் எண்கள் நினைவகத்தில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பி, ஜூன் மாதத்தில் தில்லியில் பனி பெய்யும் என்று ஒரு கணிப்பு வந்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை. அவர்தான் கண்டுபிடித்து, முதலில் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்யும் அந்த வரிகளை எழுதினார். அதற்கு ஒரு பரிசும் வாங்கினார். அவர் அறையில் மாட்டியிருந்த ஒரே போட்டோ அந்தப் பரிசை வாங்கும் போட்டோதான்.

அர்விந்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுல என்ன தப்பு மேம்? சாஃப் பண்றாங்க. நல்லதுதானே?"

"துடைக்கது நல்லதுதான். ஒரே ஆளு துடைக்கதுதான் வம்பு. ஊருல பஸ் வந்ததும் ஜன்னல் வழியாத் துண்டு போட்டு இடம் பிடிப்பாங்க, பாத்திருக்கியா?"

"மதுரைல பாத்திருக்கேன். சித்தப்பா போடுவாரு."

"இங்கயும் அதே கதைதான். நினைவகத்துல ஒரு எடத்தை யாரு மொதல்ல தொடுதாங்களோ, அவங்க நோடு பக்கத்துலதான் அந்த எடம் அமையும். துடைக்க வேலையைச் செய்யுதது மொதல் நோடுல இருக்க ஒரே ஒரு ஆளு. எல்லாத்தையும் அவன் மொதல்ல தொட்டுட்டான். பஸ்ஸு பூராவும் அவன் துண்டு."

அர்விந்த் குறிப்பை மறுபடி படித்தான். "யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி இருக்கு. ஆனா இவரே எல்லாத்தையும் தொட்டுட்டாரு!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவன், சட்டென்று நிறுத்தினான். "மேம், இதை ஸார்கிட்ட யார் சொல்றது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லவே வேணாம். சுப்சாப் மாத்திடலாம்" என்றான் அர்விந்த்.

"அவரு எழுதினது. அவருக்குத் தெரியாம மாத்தினா திருட்டுத்தனம்" என்றாள் மதுமதி. "நான் சொல்லுதேன்."

சொல்லுதேன் என்று சொன்னாளே தவிர, சொல்ல வாய்க்கவில்லை. முதல் தடவை உள்ளே போய், "சார், அந்தத் துடைக்க வரி இருக்கில்லா..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், ஜோதிலிங்கம் முகம் மலர்ந்தது. "உக்காரு அம்மிணி" என்று டீ வரவழைத்து, ஜூன் மாதப் பனியின் கதையை முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை போனபோது அவருக்குப் போன் வந்து, எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்தவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"இந்த வாரமே இணைச் செயலாளர் அம்மா நேர்ல வர்றாங்களாமா. கம்ப்யூட்டரைப் பாக்கோணுமாமா." அவர் குரல் உள்ளே போயிருந்தது. "திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிருவாங்களோ என்னமோ அம்மிணி. என்ற மானமே போயிரும்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மதுமதியால் சும்மா இருக்க முடியவில்லை. பயமும் போய்விட்டது.

"சார், கோவப்படக் கூடாது. தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டு. அந்த இருபது வரியிலதான் இருக்கு."

ஜோதிலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார். பிறகு மறுபடி அவளைப் பார்த்தார்.

"எந்த இருபது வரி?"

"உங்க இருபது வரி சார்."

அவள் துண்டுக் கதையைச் சொன்னாள். எட்டு நோடும் தங்கள் தங்கள் பங்கைத் தாங்களே துடைத்துக்கொள்ள வேண்டும், துடைத்த பங்கின் கணக்கையும் அதே நோடுதான் போட வேண்டும், வேலையை அங்கே இங்கே இழுக்கக் கூடாது, இவ்வளவுதான் என்றாள். பழைய கம்ப்யூட்டரில் இரண்டே நோடு, தூரமும் குறைவு என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. எட்டு ஆனதும் தெரிந்துவிட்டது என்றாள்.

"இருவது வருசமா ஓடுது அம்மிணி அது" என்றார் கடைசியில். "ஒரு நாள் மக்கர் பண்ணினது இல்லை. நீ சொல்றாப்பல நாலு பக்கமும் நாலு பேரு தொடைச்சா, ஒரு மூலை உட்டுப்போகும். மறுக்காவும் ஜூன் மாசம் பனி பெய்யும். நாளைக்கே வெச்சுப் பாத்துக்கலாம். உன்றது ஒண்ணு, என்றது ஒண்ணு. சின்னக் கணக்கு. எது செயிக்குதுன்னு பாக்கலாம்."

மறுநாள் ஜோதிலிங்கம் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்தார். அவருடைய வரிகளோடு, தில்லியை மட்டும் கணிக்கிற சின்னக் கணக்கைக் காலையில் ஏற்றினார்கள். நாற்காலி போட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். எட்டுப் பச்சைக் கம்பங்களைப் பார்த்து, "உடாதே, உடாதே" என்று அவ்வப்போது தைரியம் சொன்னார். ஓட்டப் பந்தயத்தில் சொந்தப் பிள்ளை ஓடுகிற மாதிரி. அது முடியும்போது மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருந்தார்கள்.

பிறகு அர்விந்த் தன் இடமாற்றும் புரோகிராமை நிறுத்தினான். அவன் அதை நிறுத்திய விதத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஆக்ஸிஜனைப் பிடுங்குவதுபோல இருந்தது. மதுமதி தன் கணக்கை ஏற்றினாள்.

"இது எப்பிடியும் சாயங்காலம் ஆகும். நான் ஒரு டீயைக் குடிச்சுட்டு வர்றேன்" என்று ஜோதிலிங்கம் வெளியே போனார். டீக்கடைக்காரர் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, அவரோடு கொஞ்சம் அரசியல் பேசி, மதுமதிக்கும் அர்விந்துக்கும் தனக்குமாக மூன்று சமோசா கட்டச் சொல்லித் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் திரையில் கம்பங்களைக் காணோம். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுங்கியது.

ஜோதிலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அது வந்ததற்கு வெட்கப்பட்டு, உடனே இரக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"செத்துப்போச்சா?" என்றார் மெல்ல.

"இல்ல சார், அது..."

"பேசாத கண்ணு. ஒண்ணும் பேசாத." நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுக்கெல்லாம் மனசு உடப்படாது. நானு ஆரம்பத்துல எழுதினதெல்லாம் ஒண்ணாச்சும் ஓடிச்சுங்கறயா? எழுதுவேன், சாகும். எழுதுவேன், சாகும்."

"சார், ஒரு நிமிசம்..."

"நீ கெட்டிக்காரி. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா பாரு, பழசுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நம்ம பெரியவங்க என்ன சொன்னாங்க..."

பெரியவர்கள் நிறையச் சொல்லியிருந்தார்கள். ஜோதிலிங்கம் அத்தனையையும் சொன்னார். தன் முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, பி.எஸ்ஸி.யில் ரசாயனம் போன கதை என்று ஒன்றையும் விடவில்லை. அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. மதுமதி மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு சமோசாப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். துக்கத்தில் அப்படிச் சாப்பிடுகிறாள் என்று நினைத்து, அவர் தன் பங்கையும் அவள் பக்கம் தள்ளினார்.

அந்த நேரத்தில் அர்விந்த் கையில் இரண்டு அச்சுத்தாளோடு ஓடிவந்தான்.

"ஸார்! ஸார்! ரெண்டும் சேம் டு சேம்! கடைசி நம்பர் வரைக்கும் சேம்!"

"எது ரெண்டும்?"

"உங்க ரிசல்ட்டு, மேம் ரிசல்ட்டு."

"அவளுது எங்க ஓடிச்சு? செத்துப்போச்சல்லோ?"

"செத்துப் போகல ஸார்" என்றான் அர்விந்த். "முடிஞ்சிடுச்சு. நீங்க கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு."

ஜோதிலிங்கம் இரண்டு தாளையும் வாங்கினார். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். ஏதாவது ஒரு மூலை விட்டுப்போயிருக்கும் என்று தேடினார். எங்கும் விட்டுப்போகவில்லை. பிறகு தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். சமோசாவைச் சாப்பிட்டிருக்கக் கூடாதோ என்று மதுமதிக்குத் தோன்றியது.

வீட்டில் அவர் மனைவி இந்திராணி, கணவர் வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டார். விசாரித்தார். ஜோதிலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் புள்ள உங்களை ஏமாத்துச்சுங்களா?"

"இல்லை."

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுதுங்களா?"

"இல்லை. என்றகிட்டத்தான் வந்து சொல்லுச்சு."

"அப்பறம் என்னங்க? அமைச்சகத்துக்காரன் சிரிச்சப்ப உங்களுக்கு மூணு நாள் சோறு எறங்கலை. இந்தப் புள்ள அதை நிறுத்திப்போட்டுது. போய் அந்த வரியை அழிச்சுப்போட்டு வந்து சாப்புடுங்க" என்றார் இந்திராணி.

காலையில் ஜோதிலிங்கம் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மதுமதி வந்தபோது அவளுடைய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ற கையால எழுதினது அம்மிணி. என்ற கையாலயே மாத்திப்போடறேன். நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

அவர் தட்டச்சு செய்து பல வருஷமாகியிருந்தது. இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மறுத்ததும் அதனுடன் சண்டை போட்டார். மதுமதி பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் மேலே இருந்த குறிப்புக்கு வந்தார்கள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'யாரும் தொடக் கூடாது' என்பதை அழித்து, 'அவரவர் பங்கை அவரவர் தொடவும்' என்று எழுதினார். தன் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரையும் போட்டார். முதலில் 'மதுமாதி' என்று விழுந்தது. திருத்தினார்.

அன்று காலையில் ஏற்றிய முழுக் கணக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கூட அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. மையமே எழுந்து நின்று கைதட்டியது. அர்விந்த் மதுமதியின் மேஜையைச் சுற்றி பாங்ரா ஆடினான். முடிவு தெளிவாக இருந்தது: நாளைக் காலையில் தில்லி முழுக்க அடர்ந்த பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

ஜோதிலிங்கம் தானே போன் போட்டு அமைச்சகத்துக்குச் சொன்னார். இந்த முறை உட்கார்ந்தபடியே பேசினார். "நாளைக்கு! நாளைக்குங்க! இன்னைக்கே சொல்றேன்!"

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பதில் வந்தது. மறுநாள் காலை வருவதாக இருந்த இணைச் செயலாளர் அம்மா, மையத்தின் எச்சரிக்கையை மதித்துத் தன் வருகையைத் தள்ளி வைத்திருக்கிறார். சாணக்யபுரியிலிருந்து மையம்வரை அந்த மூட்டத்தில் கார் ஓட்டுவது ஆபத்து அல்லவா? ஜோதிலிங்கத்துக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு இணைச் செயலாளர் வீட்டிலேயே இருக்கப்போவதை நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது. மையத்தில் எல்லோரும் தாமதமாக வரலாம் என்று உத்தரவு போட்டார். அடுத்த நாள் ரஜாய்ப் போர்வைகளை மாடியில் காயப்போட நினைத்திருந்த இந்திராணியையும் தடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்தது.

அந்தக் குளிர்காலத்திலேயே அப்படி ஒரு வெயில் அடித்ததில்லை. வானம் அலம்பிவிட்டதுபோல நீலமாக இருந்தது. தில்லிக்காரர்கள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பூங்காவெல்லாம் ஆரஞ்சுத் தோல். மையத்து ஆட்களும் தாமதமாக வந்து, வந்ததும் நேரே மாடிக்குப் போய்விட்டார்கள்.

மதுமதி மாடிக்கு வந்தபோது ஜோதிலிங்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுதூரத்துக் கட்டடங்களின் ஜன்னல்கள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. அர்விந்த் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றான்.

"தொடைச்சதுல மூலை உட்டுப்போச்சோ?" என்றார் ஜோதிலிங்கம்.

"அதில்ல சார். நேத்தே சின்னக் கணக்கை ரெண்டு விதமாவும் ஏத்தி வெச்சுட்டுப் போனேன். பழைய வரியிலயும் இதே மூட்டம்தான் வருது. மெதுவா வருது, அவ்வளவுதான்." மதுமதி கொஞ்சம் தயங்கினாள். "புதுக் கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து நாம சொன்ன மூட்டத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன் சார். பாதிக்கு மேல தப்பு. தாமதமா வந்ததால ஒருத்தரும் பாக்கல."

"நாமளே பாக்கலையே அம்மிணி."

"அர்விந்த் அதுலதான் சமோசா வெச்சுத் தின்னான்."

ஜோதிலிங்கத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இருவரும் பயந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமாக, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாடியில் வெயில் காய்ந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, சொல்லு. காரணத்தையும் கண்டுபுடிச்சிருப்பியே நீ."

"சந்தேகமாத்தான் இருக்கு சார். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து இதுக்கு மாத்துறப்ப, பனி கணக்குப் போடுற பகுதியைப் புதுசா வெளியில இருந்து வாங்கிச் சேத்திருக்கோம். அது ஏதோ துறைமுக ஊருக்கு எழுதினது. கிழக்குப் பக்கம் கடல் இருக்குன்னு அதுல போட்டிருக்கு. நாம அதை எடுக்கவே இல்ல. நொய்டாவுக்கு அந்தாண்ட கடல் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு, தெனமும் ராத்திரி ஈரக் காத்தை உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கு."

ஜோதிலிங்கம் கிழக்கே திரும்பி நொய்டாவைப் பார்த்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். அவருக்குப் பத்து வயது குறைந்ததுபோல இருந்தது.

"வாங்க கீழ போலாம்" என்றார். "மொத வேலையா அந்தக் கடலைத் தூக்கி வெளிய வீசோணும்."

அர்விந்த் திடுக்கிட்டுக் கடலைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஸார், இப்பதான் வாங்கினேன் ஸார்!"